துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் போனவன்

வின்டர்தூர், 6 மார்ச் 1938

கோனி,

பதினைந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எமில் ஃபிராங்கோவின் படையை எதிர்த்துச் சண்டை போட ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்த அன்று என் அடுக்களையில் நின்றுகொண்டு நீ பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. “பக்கத்து வீடு எரிஞ்சா வாளியத் தூக்கிட்டு ஓடலாம். பத்து ஊர் தள்ளி எரியறதுக்கு உன் புருஷன் ஏன் ஓடறான்? இங்க அடுப்பு யார் மூட்டறது?” அடுப்பை நான்தான் மூட்டுகிறேன். காலுறை ஆலையில் இரண்டு வேளை வேலை பார்த்து மூட்டுகிறேன். அது கிடக்கட்டும்.

எமிலுக்கு அடிபட்டிருக்கிறது. தெருவேல் என்ற ஊரில், ஜனவரியில். தொடையில் குண்டுச் சிதறல். அதோடு பனியில் இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. “ஸ்பெயினுக்குப் போய்க் குளிரில் விரலைத் தொலைத்த சுவிஸ்காரன் நான் ஒருவன்தான், யாரிடமும் சொல்லாதே, நம் மலைக்கு அவமானம்” என்று எழுதியிருக்கிறான். பார்சலோனாவுக்கு வெளியே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனிமேல் சண்டைக்கு உதவ மாட்டான் என்று கோடைக்குள் பிரான்ஸுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கிருந்து வரட்டுமா வேண்டாமா என்று கேட்கிறான்.

ஜெனீவாவில் கால் வைத்த உடனே பிடிப்பார்கள் என்று தெரியும். அவனோடு போன பெயின்டர் டிராக்ஸ்லர் முன்னாலேயே திரும்பி வந்து ஆறு மாதம் வாங்கினான். நீ இந்த வருஷத்திலிருந்து டிவிஷன் ராணுவக் கோர்ட்டில் நீதிபதி என்று ஆலையில் பேசிக்கொள்கிறார்கள். டர்பைன் மாட்டுகிறவனை நாற்காலியில் உட்கார வைத்த மகான் யார் என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாய். அதனால் கேட்கிறேன். அவன் வரலாமா? வந்தால் என்ன ஆகும்?

கிளாரா


வாலிஸ், அணைக்கட்டு முகாம், 20 மார்ச் 1938

அக்கா,

பனிச்சரிவால் உன் கடிதம் ஒரு வாரம் அடிவாரத்தில் கிடந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் ஆஸ்திரியா போய்விட்டது. ஜெர்மன் படை வியன்னாவுக்குள் நுழைந்ததை முகாமில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். ரைன் நதிக்கு அந்தப் பக்கம் இப்போது அவர்கள். இந்தப் பக்கம் நாம்.

எமிலின் விரல்களுக்கு வருத்தப்படுகிறேன். அடுக்களையில் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். வரலாமா? வரத்தான் வேண்டும். பிரான்ஸில் காகிதமில்லாத வெளிநாட்டானாக எத்தனை நாள் சுற்றுவான்? பிடிப்பார்களா? பிடிப்பார்கள். ஜெயிலா? ஜெயில்தான். எத்தனை மாதம்? தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

நாற்காலியை நான் கேட்டு வாங்கவில்லை. மேலே ஒரு தலைமை நீதிபதி, அவருக்குக் கீழே மூன்று ஆபீசர்கள், மூன்று சாதாரண ஆட்கள். அந்த மூன்றாவது இடத்துக்கு ஒரு கார்ப்பரல் குறைந்தது, என் பெயர் வந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் உட்காருகிறார். முதல் நாளே தலைமை நீதிபதியிடம் போனேன். “ஐயா, எங்க அக்கா புருஷன் ஸ்பெயின்ல இருக்கான். என்னைக்காவது இங்க வருவான். அன்னைக்கு நான் உட்கார மாட்டேன்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லதாப் போச்சு தம்பி. இந்த மாசம் இப்படிச் சொல்றதுல நீங்க மூணாவது. இந்த நாட்ல சொந்தக்காரன் இல்லாத நீதிபதி வேணும்னா துருக்கியிலிருந்துதான் வரவழைக்கணும்.”

சட்டத்தைப் பற்றி. வெளிநாட்டுப் படையில் சேர்ந்தவனுக்குத் தண்டனை. எந்தப் படை, எதற்காக என்று அது கேட்பதில்லை. நான் டர்பைனில் பொருத்துகிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கேட்பதில்லை. பாரம் கூடினால் வேலை செய்யும். சர்ச் விளக்கா, சாராயக்கடை விளக்கா என்று பார்க்காது. பார்க்க ஆரம்பித்தால் டர்பைன் வெடிக்கும். நான்கு பக்கமும் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற சின்ன நாட்டுக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நீ சொல்.

கோனி


வின்டர்தூர், 10 ஏப்ரல் 1938

தம்பி,

சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நம் கொள்ளுத் தாத்தா நேப்பிள்ஸ் ராஜாவின் படையில் இருந்தார். அவராகவா போனார்? நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பினார்கள், அந்தக் கூட்டத்தில் போனார். முன்பின் தெரியாத ஜனங்களைச் சுட்டார். இப்படி விற்கிற வியாபாரத்தை நிறுத்தத்தான் அந்தச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எமிலை யாரும் விற்கவில்லை. சைக்கிளை விற்று ரயில் டிக்கெட் எடுத்தவன் அவன். விலைக்குப் போனவனுக்குப் போட்ட வேலியில், தன்னையே கொடுக்கப் போனவனைப் பிடித்து மாட்டுகிறீர்கள். உன் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உனக்குமா தெரியாது?

இப்போது காரியம். வக்கீல் ஷ்பில்லரைப் பார்த்தேன். “பாரிஸுக்கு வேலை தேடிப் போனார், அங்க குடிக்க வெச்சுக் கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு சொல்லலாம்மா. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க. கோர்ட்டும் கொஞ்சம் இறங்கி வரும்” என்றார். சரி என்று எழுந்தேன். “ஒரு நிமிஷம்மா, எல்லார் வீட்லயும் மாதிரி அவரோட ராணுவத் துப்பாக்கியும் வீட்லதானே இருக்கு?” என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கும் இது தெரியாது. கிளம்புகிற அன்று காலையில் எமில் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கப் போனான். இரும்புத் தொப்பியைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன். கிடங்குக்காரர் குழலுக்குள் பார்த்துவிட்டு, “என்ன வெஸ்பி, இதுல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம் போல இருக்கே! பயணமா?” என்றார். “கொஞ்ச நாள் வெளியூர்” என்றான் எமில். அவர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, “குழல் துடைக்கிற பிரஷ் எங்க?” என்றார்.

வீட்டில் மேஜை மேல் இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. “ரயிலுக்கு நேரமாச்சு எமில், விடு, நான் அப்புறம் கொண்டாந்து குடுக்கறேன்” என்று காதில் சொன்னேன். அவன் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடி பிரஷ்ஷை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, முதல் ரயிலைத் தவறவிட்டு, அடுத்த ரயிலில்தான் போனான். சட்டத்தை மீறப் போகிறவன் பிரஷ்ஷுக்காக ரயிலை விட்டான்! இப்போது அதுவே அவன் கழுத்துக்கு வந்திருக்கிறது. துப்பாக்கியை முறையாக ஒப்படைத்துவிட்டுப் போனவன் குடிபோதையில் ஏமாந்தான் என்று எவன் நம்புவான்?

வழி இருக்கிறது என்கிறார் ஷ்பில்லர். எமில் இருக்கிற பட்டாளப் பிரிவுக்கு நீதான் கார்ப்பரல். “உங்கள் வீட்டு நிலவறையில் ஈரம் அதிகம், துப்பாக்கி துரு ஏறும், கிடங்கில் வை என்று நான்தான் சொன்னேன்” என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று நீதான் நாற்காலியில் உட்காரப் போவதில்லையே. சாட்சியாக வந்து சொல். ஒரே ஒரு வாக்கியம், கோனி. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

கிளாரா


வாலிஸ், 24 ஏப்ரல் 1938

அக்கா,

மாட்டேன்.

அந்த நிலவறைக்கு வடிகால் போட்டவன் நான். அங்கே ஈரம் கிடையாது. இது ஒரு காரணம், சின்னக் காரணம்.

பெரிய காரணம் இது. எமில் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கப் போவதும் இல்லை. இருந்தாலும் அந்த பிரஷ் விஷயத்தைப் படித்துவிட்டு முகாமில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் பூட்ஸைத் தூக்கி எறிந்தான். சிரித்து முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. இந்த முழு விவகாரத்திலும் நான் மதிக்கக்கூடிய ஒரே காரியம் அதுதான். அதைத்தான் நீ என் வாயால் அழிக்கச் சொல்கிறாய். குடித்து ஏமாந்த முட்டாள் என்று அவனை நிறுத்திக் கொஞ்சம் மாதம் குறைக்கச் சொல்கிறாய். அவனைக் கேட்டாயா? கேள். சம்மதித்தானென்றால் எனக்கு எழுது. நான் அவனைத் தப்பாக எடை போட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

விலைக்குப் போனவன், தானாகப் போனவன் என்று நீ சொன்னதை நான்கு முறை படித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்வது என் வழக்கம்.

ஆனால் ஒன்று. தானாகப் போனவனுக்கு மன்னிப்பு என்று நாளைக்கு எழுதினால், ஜெர்மனிக்குத் தானாகப் போகிறவனும் அதே வாசலில் நுழைவான். நம் ஊரிலேயே நான்கு பேர் பெயர் சொல்வேன். அவர்களை எந்தச் சட்டத்தால் பிடித்து நிறுத்துவாய்?

கோனி


வின்டர்தூர், 19 ஜூன் 1938

கோனி,

பேப்பரில் பார்த்தேன். ஏரிக்கரையில் பெரிய வீட்டுப் பையன், ஃபிராங்கோவின் படையில் சேர்ந்து மோட்டார்சைக்கிள் ஓட்டியவன். நான்கு மாதம்! எமில் பக்கம் போன டிராக்ஸ்லருக்கு ஆறு, அந்தப் பக்கம் போன துரைக்கு நான்கு. நீதிபதிகளின் பெயர்களையும் போட்டிருந்தார்கள். கார்ப்பரல் கே. பூச்சி, நம் குடும்பப் பெயரோடு. என் தம்பி.

ஆலையில் ஒருத்தி பேப்பரை என் முன்னால் விரித்து, “உன் தம்பிதானே? நல்லா இருக்காரு போல” என்றாள். மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். விரலில் குத்திக்கொண்டேன்.

சட்டம் பக்கம் பார்க்காது என்றாயே? சர்ச் விளக்கு, சாராயக்கடை விளக்கு என்று எனக்குப் பாடம் எடுத்தாயே? கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது. எந்தப் பக்கம் பணம் இருக்கிறதோ அந்தப் பக்கம் லேசாகச் சுழல்கிறது.

அதோடு, ஜூரிச் வரை வந்து மூன்று நாள் தங்கியிருக்கிறாய். அரை மணி ரயில் பயணம். என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாய்.

எமில் அடுத்த மாதம் துலூஸ் வந்துவிடுவான். வராதே, அங்கேயே இரு, நான் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுதலாமா என்று பார்க்கிறேன். இந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

கிளாரா


வாலிஸ், 3 ஜூலை 1938

அக்கா,

உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் நீ ஒரு குற்றம்சாட்டப்பட்டவனின் மனைவி, நான் நீதிபதி. கடிதம் எழுதுவதே அதிகம். தலைமை நீதிபதியிடம் அதையும் சொல்லியிருக்கிறேன். ரொட்டிக்கடைக்காரரோடு செர்வலா சாசேஜ் சாப்பிட்டது உண்மை.

உள் அறையில் யார் என்ன பேசினோம் என்று சொல்ல மாட்டேன். எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன். வெளியே, ஜனங்கள் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. கன்னம் இன்னும் சிவந்திருந்தது. அப்பா முன் வரிசையில் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். எங்கெங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தான். “ஜனவரில தெருவேலுக்கு வெளிய” என்றான். எழுதிக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன்.

எமிலைச் சுட்டது இவன் பக்கத்தவர்கள். இவனே அந்தக் குண்டைச் சுமந்து போயிருக்கலாம். அந்த நிமிஷம் தனியாக என்னிடம் விட்டிருந்தால் இரண்டு வருஷம் கொடுத்திருப்பேன். அதனால்தான் தனியாக யாரிடமும் விடுவதில்லை. அரசுத் தரப்பு வக்கீல், “கடவுள் நம்பிக்கை இல்லாத கூட்டத்தை எதிர்த்துப் போன பையன், பார்த்துச் செய்யுங்கள்” என்று இரண்டு மாதம் கேட்டார். கிடைத்தது நான்கு. முன் வரிசையில் இருந்த அப்பாவின் முகம் எப்படி ஆனது என்று உன் பேப்பர் எழுதவில்லை. டிராக்ஸ்லருக்குத் தீர்ப்பு சொன்னபோது நான் அங்கே இல்லை. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

இதற்கு மேல் எழுத முடியாது. ஒன்று மட்டும் யோசித்துப் பார். இனி இந்தக் கோர்ட்டில் ஸ்பெயின் வழக்கு எது வந்தாலும், எந்தப் பக்கத்தவன் நின்றாலும், அந்த நான்கு மாதத்தை மறைத்துவைக்க முடியாது, அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சாமானைக் கட்டாதே. எமில் வரட்டும்.

கோனி


வின்டர்தூர், 2 அக்டோபர் 1938

தம்பி,

எமில் வந்துவிட்டான்.

ஜெனீவாவில் ரயிலைவிட்டு இறங்கி, தானே போலீஸ்காரரிடம் போய், “எமில் வெஸ்பி, வார்ப்படத் தொழிலாளி, ஸ்பெயினிலிருந்து வர்றேன்” என்று சொன்னானாம். அவர் காபிக்கடைப் பக்கம் திரும்பி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாராம். “குடிச்சு முடிச்சிட்டு வரவா? நீங்களும் ஒரு காபி குடிங்க” என்றாராம். இருவரும் குடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள். காபிக் காசை யார் கொடுத்தது என்று கேட்டேன். “அவர்தான். என்கிட்ட ஸ்பெயின் பெசேட்டாதானே இருந்துச்சு” என்றான்.

ஜூரிச்சில் விசாரணைக் கைதியாக வைத்திருக்கிறார்கள். நேற்று பார்க்க விட்டார்கள். முன்னால் போன எமிலில் பாதிதான் இருக்கிறான். கம்பை ஊன்றி நடக்கிறான். என்னைப் பார்த்ததும், “என்ன கிளாரா, நீதான் ஜெயில்ல இருந்தவ மாதிரி ஆயிட்ட” என்றான். “வாயை மூடு” என்று சொல்லிவிட்டு அழுதேன். காவலாளி நல்லவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வக்கீல் சொன்ன வழியைச் சொன்னேன். பாரிஸ், குடி, கையெழுத்து, நிலவறை ஈரம் எல்லாவற்றையும். நீ மாட்டேன் என்று சொன்னதையும் சொன்னேன், உன்னைத் திட்டுவான் என்று நினைத்துக்கொண்டு.

“கோனி அப்படியா சொன்னான்?” என்று கேட்டான். “அவன் இல்லாம வேற எவன் சொல்வான்” என்றேன். மேஜையில் கையைத் தட்டிச் சிரித்தான். காவலாளியே திரும்பிப் பார்த்தார். “மச்சான் நான் போனது தப்புன்னு நினைக்கிறான், சரி. ஆனா நான் யாருன்னு தெரிஞ்சு வெச்சிருக்கான் பாரு. உனக்குத் தெரியல. குடிச்சிட்டு ஏமாந்து போனேன்னு நான் சொன்னா, அங்க ஏமாறாமச் செத்தவன் எல்லாம் யாரு? அவங்களும் குடிகாரங்களா?”

அந்த ஏரிக்கரைப் பையனைப் பற்றியும் சொன்னேன். தெருவேல் என்றதும் தன் இடது காலைக் குனிந்து பார்த்தான். “அவனுக்கு விரலெல்லாம் இருக்கா?” என்று கேட்டான். தெரியாது என்றேன். “இருந்தா சரி. அன்னைக்கு ரெண்டு பக்கமும் ஒரே குளிர்தான்” என்றான்.

வழக்கு அடுத்த மாதம். என்னை வரக் கூடாது என்று சொல்லிவிட்டான். “நீ வந்து உட்கார்ந்தா நான் உன்னப் பாத்துப் பேசுவேன். அவங்களப் பாத்துல்ல பேசணும்” என்கிறான். நீ நாற்காலியில் இருக்க மாட்டாய் என்று தெரியும். ஜனங்களோடு ஜனங்களாகவாவது போய் உட்கார். போய் எனக்கு எழுது. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வேண்டும்.

கிளாரா


ஜூரிச், 17 நவம்பர் 1938

அக்கா,

முதலில் தீர்ப்பு. ஐந்து மாதம். உள்ளே இருந்த நாட்கள் கழியும். இரண்டு வருஷத்துக்குக் குடியுரிமை நிறுத்தம், அதாவது ஓட்டுப் போடவும் பதவிக்கு நிற்கவும் முடியாது. பட்டாளத்திலிருந்து நீக்கவில்லை.

இனி நடந்தது. கடைசி வரிசையில் முகாம் கோட்டோடு உட்கார்ந்தேன். என் நாற்காலியில் ஒரு கடிகாரக்காரர் இருந்தார். ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அசைக்கவில்லை.

எமில் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றான். உட்காரலாம் என்றார்கள், உட்காரவில்லை. அரசுத் தரப்பு வக்கீல் நேராகத் துப்பாக்கிக்கு வந்தார். “முதல் நாளே ஆயுதத்தை ஒப்படைச்சிருக்கார். பிரஷ்ஷுக்காகத் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கார். இதைவிடத் திட்டம் போட்டுச் செஞ்ச குற்றம் இந்தக் கோர்ட் பார்த்திருக்காது. எட்டு மாசம் கேக்கறேன்.” ஜனங்கள் சிரித்தார்கள். அவர் முதல் நாள் என்றதும் எமில் கையைத் தூக்கி, “அதே நாள் காலையில, ஐயா” என்று திருத்தினான். எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஷ்பில்லர் எழுந்து பாரிஸ் என்று ஆரம்பித்தார். எமில் அவர் கையைத் தொட்டு உட்கார வைத்துவிட்டான். தலைமை நீதிபதி கேட்டார். நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

“வெஸ்பி, நீங்க போகப் போறது தடை செஞ்ச காரியம்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்குத் துப்பாக்கிய ஒப்படைச்சீங்க? சுவத்துல தொங்கவிட்டுட்டுப் போயிருக்கலாமே. பாதிப் பேர் அப்படித்தான் செஞ்சாங்க.”

“அது என்னுது இல்லைங்க, நாட்டோடது. இந்த எல்லையக் காக்கறதுக்குக் குடுத்தது. நான் போனது என் சண்டை. என் சண்டைக்கு நான் போகும்போது, நாட்டோட சாமான் யாரும் பாக்காமத் துருப்பிடிச்சுக் கிடந்தா எப்படி?”

“அப்ப சட்டம் தப்புங்கறீங்களா?”

எமில் யோசித்தான். யோசித்தது உண்மையாக இருந்தது. நடிக்கவில்லை.

“இல்லைங்க. நல்ல சட்டம். எங்க கிளாராவோட கொள்ளுத் தாத்தாவ ஒரு ராஜாவுக்கு வித்தாங்க. அந்தச் சட்டம் முன்னாடியே இருந்திருந்தா அவர் வீட்லயே இருந்திருப்பார். எல்லாரும் என்ன மாதிரி கிளம்பிட்டா இந்த நாடு நிக்காது. அதும் தெரியும். ஆனா அந்த ஊர்ல குழந்தைங்க மேல குண்டு போடறான்னு தெரிஞ்ச பிறகு எனக்குத் தூக்கம் வரல. சட்டத்துக்கு என்ன செலவோ அதைக் கேளுங்க, குடுத்துடறேன். தப்பு செஞ்சேன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க.”

அக்கா, நான் எதையும் சுலபமாக மெச்சுகிறவன் இல்லை. முகாமில் ஒரு வருஷம் வேலை செய்தவனிடமும் நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. எமிலை அங்கே பார்த்தபோது, கூட்டத்தில் எழுந்து நின்று, இவன் என் அக்கா புருஷன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. கோர்ட்டில் கூச்சல் போடக் கூடாது. சட்டமும் சரி, அதை மீறிய மனிதனும் சரி என்று இரண்டும் ஒரே அறையில் நிற்க முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. என் கணக்கில் அப்படி வராது. ஆனால் கண்ணால் பார்த்தேன்.

தீர்ப்பை வாசிக்கும்போது தலைமை நீதிபதி சொன்னதையும் எழுதுகிறேன். “இதே கோர்ட் எதிர்ப் பக்கத்துல நின்னவருக்கு நாலு மாசம் குடுத்தது. சட்டம் பக்கம் பார்க்கறதில்ல. அதனால போனதுக்கு நாலு. திட்டம் போட்டதுக்கு ஒண்ணு.”

வெளியே வராந்தாவில் எமிலைப் பிடித்தேன். காவலர்கள் ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். “அந்த பிரஷ் உனக்கு ஒரு மாசம் செலவு வெச்சிருச்சுடா” என்றேன்.

“ரெண்டு வருஷமா துப்பாக்கியப் பத்திரமா வெச்சுக்கிட்டாங்க. அதுக்கு ஒரு மாச வாடகை. ஜூரிச்ல இவ்வளவு மலிவா எது கிடைக்குது மச்சான்?” என்றான்.

கை கொடுத்தேன். கெட்டியாகத்தான் பிடித்தான்.

கோனி


வின்டர்தூர், 5 ஜூன் 1939

தம்பி,

வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் எமில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். வார்ப்படசாலையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜர் என்னைத் தெருவில் பார்த்து, “உங்க தம்பி வந்துட்டுப் போனாரும்மா. இன்னொரு தடவை அனுப்பாதீங்க, கேட்டதச் செஞ்சிடறேன்” என்றார். அங்கே போய் என்ன கத்தினாயோ, நான் கேட்கவில்லை.

அந்த நான்கு மாதத்தைப் பற்றியும் கேட்கப் போவதில்லை. உள் அறையில் இரண்டை நான்காக்க யார் மேஜையைத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துகொள்கிறேன். எமில் மட்டும் அந்தப் பேச்சு வந்தால், “அந்தப் பையனுக்கும் நமக்கும் ஒரே படியில அளக்க வெச்சிருக்கான், மச்சான்தான் ஆளு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேற்று ஓட்டு. நாட்டுப் பாதுகாப்புக்கும் வேலை வாய்ப்புக்கும் பணம் ஒதுக்குவது பற்றி. எமில் பழக்கத்தில் காலையிலேயே எழுந்து, சவரம் பண்ணி, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு வந்தான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கதவுப் பிடியில் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அப்போதுதான் நினைவு வந்திருக்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். தெருவில் ஆண்கள் கூட்டமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் கூட, தன் பெயரையே மறந்துபோனவர், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். எமில் ஜன்னலைவிட்டு நகரவில்லை. ஜெயிலில்கூட அவன் முகம் அப்படித் தொங்கிப் பார்த்ததில்லை.

“எந்தக் கிறுக்கனும் போய்ப் போடறான். நாட்டப் பத்தி என்னக் கேக்க மாட்டாங்க. இந்த வீட்ல உட்கார்ந்து வேடிக்கை பாக்கணும். இது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது கிளாரா” என்றான்.

கத்தியைக் கீழே வைத்தேன். “எனக்கு முப்பத்தொரு வயசு ஆகுது, பொம்பளைன்னு ஒரு தடவகூட ஓட்டுப் போட விட்டதில்ல. இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்றேன்.

என்னையே பார்த்தான். சட்டென்று சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தான். அவன் உரித்ததில் பாதிக் கிழங்கு தோலோடு போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து, “எனக்கு ரெண்டு வருஷம் போட்டாங்க. உங்களுக்கெல்லாம் என்ன குத்தத்துக்குப் போட்டாங்க?” என்று கேட்டான்.

பதில் தெரிந்தால் நீ எழுது, நீதிபதி அவர்களே. இப்போது வழக்கு முடிந்துவிட்டது, நீ என் வாசலை மிதிக்கத் தடை எதுவும் இல்லை. அடுத்த ஓட்டுக்கு முதல் நாளே கிளம்பி இங்கே வா. சாப்பாட்டு மேஜையில் உன் எதிரில் நாங்கள் இரண்டு பேரும் உட்காருவோம். நாங்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு போய் உன் ஒரு ஓட்டைப் போடு.

கிளாரா